புதுப் பாம்புக்குத் தனி அறை

கால்நடை மருத்துவப் பணியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஓய்வு பெற்றவன் ஒருவன் ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று கேட்டார்கள். முப்பத்து மூன்று வருடம் மாட்டுக்கும் ஆட்டுக்கும் வைத்தியம் பார்த்தவன் பாம்பைப் பற்றி எழுதுவது உங்களுக்கு விநோதமாகத் தோன்றலாம். தொற்று நோயைத் தடுப்பதில் எனக்குத் தெரிந்த கொஞ்சமும் நான் பாம்புகளிடம் கற்றதுதான். அதுவும் நான்கு பாம்புகளை என் கையாலேயே கொன்ற பிறகு.

ஊசி போடுவதும் மருந்து கலக்குவதும் உங்களுக்குக் கல்லூரியிலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். திண்டுக்கல் கால்நடை ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஒரு நாள் காலை பேகம்பூர்ப் பக்கத்திலிருந்து தோல் வியாபாரி ஒருவர் குதிரை வண்டியில் வந்து இறங்கினார். பெயர் காசிம் ராவுத்தர். ஐம்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட கைலி, முகத்தில் தூக்கமில்லாத களைப்பு.

"டாக்டரே, நம்ம வீட்ல அஞ்சாறு உருப்படி இருக்கு. அம்புட்டும் தண்ணியிலயே கெடக்குது. தீனி எடுக்க மாட்டேங்குது. செத்த நேரம் வந்து பாத்துட்டுப் போக முடியுமா?"

தண்ணீரில் கிடப்பது என்றதும் எனக்கு எருமைதான் ஞாபகம் வந்தது. "எருமை தண்ணீரில் கிடப்பது சகஜம்தானே?" என்றேன்.

"எருமையில்ல டாக்டரே," என்றார் அவர், குரலைத் தாழ்த்திக்கொண்டு. "பாம்பு."

அந்தக் காலத்தில் பாம்பு வளர்ப்பதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. ஆனால் வீட்டில் வளர்க்கிறவரை நான் அதுவரை பார்த்ததில்லை. அவர் தோல் பதனிடும் ஷாப்புக்கு ஆட்டுத்தோல், மாட்டுத்தோலோடு பாம்புத்தோலும் வரும். ஒரு முறை பாம்பு பிடிக்கிறவர்கள் மலைப்பாம்பு ஒன்றை உயிரோடு சாக்கில் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள். வண்டியில் போகும்போது அவரே சொன்னார்.

"எத்தனையோ ஆயிரம் தோலத் தொட்டிருக்கேன். அது தலையத் தூக்கி என்னையப் பாத்துச்சு பாருங்க, அன்னிக்குத்தான் தோலுக்குள்ள ஒரு ஆளு இருக்குன்னு தெரிஞ்சுது. அதுக்கப்புறம் பாம்புத்தோல் வாங்குறதையே விட்டுட்டேன்."

அந்த மலைப்பாம்புக்குச் சுல்தானா என்று பெயர் வைத்திருந்தார். அதன் பிறகு வந்தவை இரண்டு சாரைப் பாம்புகள், இரண்டு மண்ணுளிப் பாம்புகள். மாடியில் ஒரு அறை முழுக்க அவற்றுக்குத்தான். கம்பிவலை போட்ட மரப்பெட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டி இருந்தன. எல்லாப் பாம்பும் தண்ணீர்த் தொட்டிக்குள் சுருண்டு, மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கிடந்தன.

அறை வாசலில் முக்காட்டை இழுத்து விட்டபடி ராவுத்தரின் மனைவி ஆயிஷாம்மா நின்றுகொண்டிருந்தார். "இந்த வீட்ல மனுசருக்குக் காச்சல்னா கசாயம். பாம்புக்கு நோவுன்னா டாக்டரு," என்றார் சுவரைப் பார்த்து. பிறகு என்னைப் பார்த்து, "அந்தத் தண்ணியப் பாத்தீகளா? கடுக அரைச்சுத் தூவினாப்ல என்னமோ மெதக்குதே," என்றார்.

குனிந்து பார்த்தேன். பொடிப்பொடியாகக் கறுப்புப் புள்ளிகள். சில நகர்ந்தன. பாம்பின் செதில் இடுக்கிலும் கண்ணோரத்திலும் அதே புள்ளிகள். ஒருவகைச் சிற்றுண்ணி. அதன் கடி தாங்காமல்தான் தண்ணீருக்குள் போய்க் கிடக்கின்றன என்று புரிந்தது. இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டோமே என்று எனக்கு உள்ளூர ஒரு பெருமிதம்.

இந்த இடத்தில் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, 'இது எங்கிருந்து வந்தது?' என்பது. நான் கேட்டுக்கொண்ட கேள்வி, 'இதை எப்படிக் கொல்வது?' என்பது.

ஆஸ்பத்திரியில் டி.டி.டி. பவுடர் டப்பா டப்பாவாக இருந்தது. கொசுவுக்கு வீடு வீடாக அடித்த காலம் அது. மாட்டுப் பேனுக்கும் நாங்கள் அதைத் தூவுவோம். பாம்புக்கு எவ்வளவு தூவலாம் என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. ராவுத்தர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். படித்தவன் தயங்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. அன்று மதியமே டப்பாவோடு போய், தாராளமாகத் தூவினேன். குறைவாகத் தூவினால் உண்ணி மிஞ்சிவிடும் என்பது என் கணக்கு.

மூன்றாம் நாள் காலை ஆள் வந்தது. போய்ப் பார்த்தபோது சாரைகள் இரண்டும் உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தன. மல்லாக்கப் புரண்டால் திரும்ப முடியவில்லை. மண்ணுளிகள் தலையை வானத்தைப் பார்த்துத் திருகி வைத்திருந்தன. மறுநாள் சாயங்காலத்துக்குள் நான்கும் போய்விட்டன.

சுல்தானா மட்டும் பிழைத்தது. பவுடர் நெடி அடுக்களை வரைக்கும் வருகிறது என்று, நான் தூவிவிட்டுப் போன ஒரு மணி நேரத்தில் ஆயிஷாம்மா மாடிக்குப் போயிருக்கிறார். மற்றவை இருந்த சின்னப் பெட்டிகளைத் திறக்கப் பயம். மலைப்பாம்புதான் சாதுவாயிற்றே என்று அதன் மேல் மட்டும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, பழந்துணியால் துடைத்து, பெட்டியையும் கழுவிவிட்டிருக்கிறார். பாம்பு என்றாலே முகம் சுளிக்கிற பெண்மணி.

செத்த பாம்புகளைக் கோணிச்சாக்கில் வரிசையாக வைத்திருந்தார்கள். ராவுத்தர் என் பக்கம் வந்து, எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி, "நோவு முத்திப்போச்சு போல டாக்டரே. நீங்க என்ன பண்ணுவீங்க," என்றார்.

அவர் நம்பிவிட்டார். நான் தலையாட்டிவிட்டுப் படியிறங்கியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அப்படி இறங்கலாமா என்று நான் யோசித்தேன் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அதிக நேரமில்லை, மேல்துண்டை எடுத்து முகம் துடைத்துக்கொள்கிற நேரம்.

"நோய் இல்லை ராவுத்தரே," என்றேன். "என் மருந்துதான்."

அவர் செத்த பாம்புகளைக் கோணியால் மூடினார். பிறகு கேட்டார்: "மாட்டுக்கும் இப்படித்தான் தூவுவீங்களா?"

"இல்லை. மாட்டுக்கு எவ்வளவு என்று தெரியும்."

"பாம்புக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"தெரியாதுன்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாமே டாக்டரே."

அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் இவ்வளவு நாள் ஞாபகம் வைத்திருக்க மாட்டேன். உங்களுக்கும் இது நடக்கும். கவலையோடு ஒருவர் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும்போது, 'எனக்குத் தெரியாது' என்கிற வார்த்தை தொண்டையில் நிற்கும். அதை வெளியே தள்ளிப் பழகுங்கள்.

ஒரு மாதம் கழித்து வேடசந்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் வெக்கை நோய். மாடுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுபோகிற நோய் அது. ஊர் எல்லையில் நின்று, சந்தையிலிருந்து புதிதாக வாங்கிவந்த காளைகளைத் தொழுவத்தில் சேர்க்கக் கூடாது என்று விவசாயிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒருவர் மறித்தார். "மாடு நல்லாத்தானே நிக்குது சாமி? தின்னுது, அசைபோடுது. அத எதுக்குத் தனியாக் கட்டணும்?"

"இன்றைக்கு நன்றாக இருக்கும். நோய் உள்ளே இருந்தால் வெளியே தெரிய நாளாகும். தெரிந்த பிறகு பிரிப்பதில் பிரயோஜனம் இல்லை," என்று பாடம் நடத்தினேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு வாய் நின்றுவிட்டது. ராவுத்தர் வீட்டில் அந்த உண்ணி எப்படி வந்தது என்று நான் இன்னும் கேட்கவே இல்லை.

அன்றைக்கே மில் பஸ் ஒன்றில் தொற்றிக்கொண்டு திண்டுக்கல் திரும்பி நேரே பேகம்பூர் போனேன்.

"புதுசா ஏதாவது பாம்பு கொண்டுவந்தீர்களா, மற்றவை படுப்பதற்கு முன்னால்?"

ராவுத்தர் யோசித்துவிட்டுச் சொன்னார். "தைப்பூசத்தப்ப யாவாரமாப் பழனிக்குப் போயிருந்தேன். அங்க ஒரு பிடாரன்கிட்ட சாரை ஒண்ணு எலும்புந்தோலுமாக் கெடந்துச்சு. பாக்கப் பாவமா இருந்துச்சு, வாங்கியாந்துட்டேன். நீங்க வர்றதுக்கு மொத நாளு அது செத்துப்போச்சு. அதச் சொல்லணும்னு தோணல."

"எங்கே வைத்திருந்தீர்கள்?"

"மத்த சாரைங்களோடதான். ஒத்தையா இருந்தா பயந்துக்கும்னு நெனச்சேன்."

இரக்கப்பட்டுத்தான் அவர் நோயை வீட்டுக்குள் கொண்டுவந்திருக்கிறார். காளையைத் தனியே கட்டச் சொல்கிற எனக்கு, பாம்பைத் தனியே வைக்க வேண்டும் என்று தோன்றாமல் போனது ஏன் என்றால், நான் அதை நோயாளியாகவே மதிக்கவில்லை. ஒரு பணக்காரரின் விளையாட்டு என்று நினைத்திருந்தேன்.

இனிமேல் எந்தப் பாம்பு வந்தாலும் மூன்று மாதம் தனியாக வைப்பது என்று அன்று இருவரும் முடிவு செய்தோம். ஏன் மூன்று மாதம் என்று ஆயிஷாம்மா கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன், இந்த முறை சுலபமாகவே வந்தது. பாம்புக்கு எல்லாமே மெதுவாக நடக்கிறது. பத்து நாளைக்கு ஒரு முறை தின்கிறது, மாதக் கணக்கில் ஒரு முறை சட்டை உரிக்கிறது. நோயும் மெதுவாகத்தான் தலைகாட்டும் என்பது என் ஊகம் என்று சொன்னேன்.

"ஊகமின்னு சொல்லிட்டுச் சொல்றீக பாருங்க, அது நல்லாருக்கு," என்றார் ஆயிஷாம்மா.

ஒன்றேகால் வருடம் புதிய பாம்பு எதுவும் வரவில்லை. சுல்தானா மாடியில் தனியே இருந்தது. தின்றது, உரித்தது, வளர்ந்தது. ஆயிஷாம்மா அதற்குத் தண்ணீர் மாற்றுவதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டிருந்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்த மலைப்பாம்பு நெய்க்காரப்பட்டியிலிருந்து வந்தது. பழனியம்மாள் என்கிற விவசாயி, தன் தென்னந்தோப்பில் தேங்காய் மட்டைக் குவியலுக்கு அடியில் அதைப் பார்த்திருக்கிறார். ஊரார் தடியோடு வந்திருக்கிறார்கள். அவர் குவியல் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, திண்டுக்கல்லில் பாம்பு வளர்க்கிற ராவுத்தர் ஒருவர் இருக்கிறார், அவருக்குச் சொல்லி அனுப்புங்கள், அதுவரை ஒருத்தரும் கிட்டே வரக் கூடாது என்றிருக்கிறார். ராவுத்தர் வேன் பிடித்துக்கொண்டு போய், பாம்பைக் கூடையில் வைத்துக் கட்டி, பழனியம்மாளையும் கூட்டிக்கொண்டு வந்தார். தான் கூட வராமல் பாம்பை அனுப்பமாட்டேன் என்றாராம்.

"ஏனுங்க, நீங்கதான் டாக்டருங்களா?" என்று என்னிடம் கேட்டார். "நான் மாசம் ஒருக்கா வந்து பாப்பனுங்க. இளைச்சிருந்துச்சுன்னா திருப்பித் தூக்கிட்டுப் போயிருவனுங்க."

பாம்பு நல்ல ஆரோக்கியமாகத் தெரிந்தது. வாய்க்குள் சுத்தமான வெளிர் சிவப்பு, மூச்சில் சத்தமில்லை, கண் தெளிவு. ராவுத்தர் மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கூடாது என்று தலையை ஆட்டியதும் பெருமூச்சு விட்டார்.

தோல் ஷாப்பில் உப்பு மூட்டை வைக்கிற கிடங்கு ஒன்று காலியாக இருந்தது. வீட்டிலிருந்து நூறு கெஜம். புதுப் பாம்பு அங்கே போனது. தரையில் வெள்ளை வேட்டி விரித்தோம், கறுப்புப் புள்ளி விழுந்தால் தெரிய வேண்டும் என்று. அதைப் பார்த்துக்கொள்வது ராவுத்தர், சுல்தானாவைப் பார்த்துக்கொள்வது ஆயிஷாம்மா. ஒருவர் மற்றவர் பக்கம் போகக் கூடாது. நான் பார்க்க வரும்போது முதலில் மாடி, பிறகுதான் கிடங்கு. கிடங்கிலிருந்து வந்த கையோடு மாடிக்கு ஏறக் கூடாது. இதெல்லாம் மாட்டுத் தொழுவத்திலிருந்து எடுத்த விதிகள்தான்.

ராவுத்தருக்குச் சுல்தானாவைப் பார்க்காமல் இருப்பது பெரிய கஷ்டமாக இருந்தது. ஏழாவது வாரம் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். "ஒரு தடவ சட்ட உரிச்சிருச்சு, எலியப் போட்டா முழுசா எடுக்குது. இன்னும் எம்புட்டு நாளைக்கு ஜெயில்ல போடுறது?"

"மூன்று மாதம்."

"உங்களுக்கே மூணு மாசம்னு நிச்சயமில்லைன்னு சொன்னீங்களே?"

"நிச்சயமில்லை என்பதால்தான் குறைக்கப் பயமாக இருக்கிறது."

முணுமுணுத்துக்கொண்டே போனார்.

ஒன்பதாவது வாரம் மழை பிடித்தது. கார்த்திகை மழை, மூன்று நாள் விடாமல். மூன்றாம் நாள் மதியம் ராவுத்தரின் வண்டிக்காரர் நனைந்துகொண்டு வந்து கூப்பிட்டார். ஷாப்புக்குப் பின்னால் போகிற ஓடை உடைத்துக்கொண்டு கிடங்குக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது முழங்கால் அளவு தண்ணீர். தோல் ஊறுகிற தொட்டிகள் பொங்கி, அந்தத் தண்ணீரோடு கலந்து, நாற்றம் தாங்க முடியவில்லை. ராவுத்தர் பாம்புப் பெட்டியைத் தோள் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் மறுபக்கம் பிடித்தேன். மூடி கழன்றிருந்ததால் ஒரு கையால் பாம்பின் உடம்பை அமுக்கிக்கொண்டே வீட்டு வாசல் வரை வந்தோம்.

"மாடி காஞ்சு கெடக்குது," என்றார் ராவுத்தர் மூச்சு வாங்க. "ஒரு நாளைக்குத்தான் டாக்டரே. அந்த மூலையில இது, இந்த மூலையில அது. மழை விட்டதும் எறக்கிருவோம்."

ஆயிஷாம்மா மாடிப்படியின் முதல் படியில் நின்றிருந்தார். வழியை விடவும் இல்லை, மறிக்கவும் இல்லை. "டாக்டரு சொல்லட்டும்," என்றார். "ஏத்தலாமா, கூடாதா?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பாம்பு குளிரில் விறைத்துப்போயிருந்தது. அறுபது நாள் பார்த்ததில் ஒரு குறையும் இல்லை. 'ஏற்றுங்கள்' என்று சொல்வதற்கு எல்லாக் காரணமும் இருந்தது. 'கூடாது' என்று சொல்ல என்னிடம் இருந்ததெல்லாம் ஒரு ஊகம். ஆனால் ஒரு விஷயம் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அவசரம் வந்திருப்பது எங்களுக்கு. பாம்புக்குள் ஏதாவது இருந்தால் அதற்கு மழை பெய்வது தெரியாது.

"கூடாது," என்றேன். "என்னோடு ஆஸ்பத்திரிக்கு வரட்டும்."

தொற்று நோய் மாடுகளைக் கட்டுகிற தனிக்கொட்டில் ஒன்று ஆஸ்பத்திரியில் இருந்தது. அப்போது காலி. கிளம்புகிற நேரத்தில் ராவுத்தர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மேல சுல்தானா பொட்டியில ஒழுகுதான்னு ஒரு நிமிசம் பாத்துட்டுப் போயிருங்க. நான் ஏறக் கூடாதுன்னு சொல்லியிருக்கீங்க, அவ பாத்துச் சொன்னா எனக்கு மனசு ஆறாது."

அவர் அழுகிற நிலையில் இருந்தார். நான் ஏறினேன். பெட்டியைத் திறந்து, உள்ளே ஈரமா என்று கைவைத்துப் பார்த்து, சுல்தானாவைச் சற்று நகர்த்தி, மூடிவிட்டு இறங்கினேன். கீழே வந்து வண்டியில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. புதுப் பாம்பை அமுக்கிப் பிடித்த அதே கை. கழுவவில்லை. பெரிய வாசலைக் காத்துவிட்டுச் சின்னக் கதவை நானே திறந்துவிட்டேன்.

மறுநாள் மேலதிகாரி சோதனைக்கு வந்துவிட்டார். தனிக்கொட்டிலில் எட்டிப் பார்த்தவர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். பிறகு பதிவேட்டைக் கேட்டார். மாடு, எருமை, ஆடு, நாய் என்று போகும் பத்திகளில் கடைசியில் 'இதர' என்று ஒன்று உண்டு. அதில் ஒன்று என்று எழுதியிருந்தேன்.

"என்ன நோய்?"

"நோய் இல்லை சார்."

"நோயில்லாத பிராணிக்குத் தொற்று நோய்க் கொட்டில் எதற்கு?"

"நோய் இல்லை என்று இன்னும் உறுதியாகவில்லை சார்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மாடு வந்தால்?"

"அந்த நிமிடமே காலி செய்வேன்."

எழுத்து மூலம் விளக்கம் கேட்டார், கொடுத்தேன். போகும்போது, "என்ன தின்னும்?" என்று கேட்டுவிட்டுப் போனார். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

மழை ஓய்ந்து பத்தாவது நாள் ஆயிஷாம்மா சொல்லி அனுப்பினார். போனேன். மாடிப்படியிலேயே சொன்னார்: "கெண்டியில தண்ணி கொதிக்கிறாப்ல சத்தம் கேக்குது."

சுல்தானா தலையை நிமிர்த்தி, வாயை லேசாகத் திறந்து வைத்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் மூக்கோரம் நுரை வந்து உடைந்தது.

என் கையைப் பற்றி அவர்களிடம் சொன்னேன். மழையன்று கழுவாமல் பெட்டியைத் தொட்டதை. ராவுத்தர் தலையைக் குனிந்துகொண்டார். ஏறச் சொன்னது தான்தான் என்பது அவருக்கும் ஞாபகம் இருந்தது.

"மருந்து?" என்று ஆயிஷாம்மா கேட்டார்.

"பென்சிலின் இருக்கிறது. பாம்புக்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. மிகக் குறைவாகப் போட்டுப் பார்க்கலாம். பலன் இல்லாமலும் போகலாம், கெடுதலும் செய்யலாம். வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன்."

"போடுங்க. நான் தலையப் புடிச்சுக்கறேன்," என்றார்.

பிடித்துக்கொண்டார். பன்னிரண்டு நாள். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி வைத்தோம், அறையில் கரி அடுப்பு வைத்தோம். பன்னிரண்டாம் நாள் காலையில் சுல்தானா இறந்தது.

இத்தனை நாளும் கொட்டிலில் இருந்த புதுப் பாம்பைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதற்கு ஒரு தும்மல்கூட இல்லை. அது எனக்கு விளங்கவில்லை. ராவுத்தரிடம் அனுமதி கேட்டு, சுல்தானாவை ஆஸ்பத்திரி மேஜையில் வைத்து அறுத்துப் பார்த்தேன். அவர் வெளியே வேப்பமரத்தடியில் நின்றார்.

நுரையீரல் இரண்டிலும் புதிய வீக்கம் இருந்தது. அதற்கு அடியில் பழசு இருந்தது. கெட்டித் தயிர் மாதிரி இறுகிப்போன சீழ்க்கட்டிகள், அவற்றைச் சுற்றித் தடித்த சவ்வு. பத்து நாளிலோ இருபது நாளிலோ அப்படித் தடிக்காது. மாட்டில் இப்படிப் பார்த்தால் ஒரு வருடத்துக்கு மேற்பட்டது என்று யோசிக்காமல் எழுதுவேன். பழனியிலிருந்து அந்தச் சாரை வந்த காலத்தில் உள்ளே போனது. உண்ணி போய்விட்டது, பாம்பு தேறிவிட்டது என்று நாங்கள் நினைத்திருந்த ஒன்றரை வருடமும் அது உள்ளேயே இருந்திருக்கிறது. மழைக் குளிர் அதைக் கிளப்பிவிட்டது.

நாங்கள் புதியதிடமிருந்து பழையதைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தோம். நோய் பழையதில்தான் இருந்தது. அன்று மாடிக்கு ஏற்றியிருந்தால் நெய்க்காரப்பட்டிப் பாம்பும் போயிருக்கும்.

கை கழுவிக்கொண்டு வெளியே போய் ராவுத்தரிடம் இதை அப்படியே சொன்னேன். பழனிச் சாரையோடு வந்த நோய், அதற்குப் பிறகு நான் மருந்தால் பலவீனப்படுத்திய உடம்பு. இரண்டில் எது எவ்வளவு என்று சொல்ல முடியாது என்றும் சொன்னேன்.

அவர் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நாம ரெண்டு பேருந்தான் டாக்டரே," என்றார்.

"ஆமாம்," என்றேன்.



பேகம்பூர் வீட்டில் ஆயிஷாம்மா அன்றைக்கே பெட்டியை வெட்டிப் போட்டு, துணி, தண்ணீர்த் தொட்டியின் மரச்சட்டம் எல்லாவற்றையும் கொல்லையில் வைத்துக் கொளுத்திவிட்டார். மாடியறைக்குச் சுண்ணாம்பு அடித்து, இரண்டு மாதம் சன்னலைத் திறந்தே போட்டிருந்தார். அதன் பிறகு புதிய பெட்டி செய்து, புதுப் பாம்பை அங்கே கொண்டுபோனோம். அதற்குப் பெயர் வைக்கட்டுமா என்று ராவுத்தர் கேட்டதற்கு, கொஞ்ச நாள் போகட்டும் என்றார் ஆயிஷாம்மா.

பழனியம்மாள் சொன்னபடி மாதம் ஒரு முறை வந்து பார்த்தார். பாம்பு இளைக்கவில்லை என்பதில் அவருக்குத் திருப்தி. அடுத்த சித்திரையில் ஒரு நாள் பகலில், நானும் அங்கே இருந்தபோது, கூடை ஒன்றோடு வந்து இறங்கினார்.

"கெணத்தோரமா இன்னொண்ணு கெடந்துச்சுங்க. அடிச்சுப் போடுவாங்கன்னு எடுத்தாந்துட்டனுங்க. சின்னதுதானுங்க."

ராவுத்தரின் முகம் மலர்ந்துவிட்டது. மாதக்கணக்கில் அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்க்கவில்லை. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு கூடைப் பக்கம் போனார்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஆயிஷாம்மா அடுக்களையிலிருந்து வெளியே வந்துவிட்டார். கையில் அடுப்புக்கரித் துண்டு.

"அங்கனயே வைங்க தாயி," என்று பழனியம்மாளிடம் சொல்லி, கொல்லைக் கோடியில் இருந்த ஓட்டுக் கொட்டகையைக் காட்டினார். "வீட்டுக்குள்ள கொண்டாராதீக. வச்சிட்டு வந்து கையக் கழுவிக்கிட்டுச் சாப்பிடலாம்."

பழனியம்மாள் ஒன்றும் கேட்காமல் கூடையைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு நடந்தார். ஆயிஷாம்மா பின்னாலேயே போய், கொட்டகைக் கதவில் கரியால் ஒரு கோடு போட்டுவிட்டு, திரும்பி என்னைப் பார்த்தார்.

"இன்னிக்கு என்ன தேதி டாக்டரு?"

சொன்னேன். அவர் அதையும் கோட்டுக்குப் பக்கத்தில் எழுதினார். ராவுத்தர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு கொல்லை வாசலைத் தாண்டாமல் நின்றிருந்தார்.